லைன் லீடரிடம் ‘ரிலீஸ் லிஸ்ட்’ கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?

ஹார்னஸ் லைன் (கேள்வி)

வணக்கம். ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயர் ஹார்னஸ் (மின்வயர்க் கட்டு) செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடராக இருக்கிறேன். டிப்ளமோ முடித்து ட்ரெயினியாகச் சேர்ந்து, சில வருடம் போர்டில் நின்று வேலை செய்து, போன வருடம்தான் லீடர் ஆக்கினார்கள். என் லைனில் ஷிப்டுக்கு முப்பது பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்கள். செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஏ ஷிப்ட் என்றால் விடியற்காலை நாலு மணிக்கே ஊர் முனையில் நிற்க வேண்டும். ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள் கொஞ்சம் பேர் ஹாஸ்டலில் இருக்கிறார்கள்.

இந்த வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நகர்ந்துகொண்டே இருக்கும் போர்டில் டிராயிங் படி வயரை விரிக்க வேண்டும். டெர்மினலைக் கனெக்டருக்குள் தள்ளும்போது ஒரு சின்ன ‘க்ளிக்’ வரும். லைன் இரைச்சலில் அது காதுக்குக் கேட்காது, விரல் நுனிக்குத்தான் தெரியும். அப்புறம் லேசாக இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பாதி பூட்டிய டெர்மினல் டெஸ்டிங்கில் தப்பிப் போய்விட்டால், எங்கேயோ ஓடும் காரில் ஹெட்லைட் அணையும். அந்த விரல் பழக்கம் வர மாதக்கணக்கில் ஆகும். டேப் சுற்றுகிறவர்களுக்குக் கட்டைவிரல் தோல் உரிந்து, கேட்டில் பஞ்ச் மெஷின் ரேகையை எடுக்காது. பலமுறை வைத்துப் பார்த்தும் விழாமல், செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வருவார்கள்.

ஒரே லைன், ஒரே போர்டு, ஒரே டார்கெட். ஆனால் நீலச் சட்டை பெர்மனன்ட், சாம்பல் சட்டை ஆள் அனுப்பும் வெண்டர் மூலம் வந்த கான்ட்ராக்ட், பச்சைக் காலர் ட்ரெயினி. பெர்மனன்ட் அண்ணன் ஒருவர் ஓடி (ஓவர்டைம்) இல்லாமலே 30,000-க்கு மேல் வாங்குகிறார். அவருக்குப் பக்கத்தில் நின்று அதே ஸ்டேஷன் பார்க்கும் சாம்பல் சட்டை அக்காவுக்குப் பிடித்தம் போகக் கையில் 14,000-க்குள்தான் வருகிறது. இதையெல்லாம் பார்த்துப் பழகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கையில் இல்லாத விஷயம் என்று இருந்தேன்.

இப்போது என் கைக்கே வந்துவிட்டது. வேலையை விட்டு அனுப்ப வேண்டியவர்களுக்காக, ‘ரிலீஸ் லிஸ்ட்’ என்று மாதக் கடைசியில் எச்ஆர் ஒரு ஷீட் தருகிறார்கள். அதில் சாம்பல், பச்சை இரண்டிலும் சேர்த்து சில பெயர்கள். அதிலிருந்து நாலு பேரை நான் டிக் அடித்து, எதிரே ‘பெர்ஃபாமன்ஸ் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பெயர்களைப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடத்தை நெருங்குகிறவர்கள். அதில் ஒரு அக்கா என் லைனிலேயே ரிஜெக்ஷன் குறைவானவர். புதுப் பிள்ளைகளை அவரிடம்தான் நிறுத்திக் கற்றுக்கொடுக்கச் சொல்வேன். அவருக்கு எதிரே எப்படி அப்படி எழுதுவது?

போன வாரம் லீடர்களுக்கெல்லாம் ‘லீடர்ஷிப்’ டிரெயினிங் வைத்தார்கள். கடினமான முடிவை எடுப்பவர்தான் லீடர் என்றார்கள். இந்த ஷீட் அங்கேதான் கைக்கு வந்தது. சம்பளத்தில், ஆள் எடுப்பதில், லீவு கொடுப்பதில் எனக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. அனுப்புவதற்கு மட்டும் என் கையெழுத்து வேண்டுமாம்.

இது சட்டப்படி சரியா? மறுத்தால் என் வேலைக்கு என்ன ஆகும்? நான் தொழிலாளியா, மேனேஜ்மென்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஷீட் இந்த மாதக் கடைசியில் வரும்.

பெரம்பூர் ஃபிட்டர்

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டத்தில் உண்மை இல்லாததை எழுதாதீர்கள். வேலையை விடவும் வேண்டாம், மேனேஜரோடு சத்தம் போடவும் வேண்டாம். எழுதுவதை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். நான் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், சங்கப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தேன். இதே மாதிரி தாள்கள் லேபர் கோர்ட்டில் கம்பெனி தரப்பு ஆவணமாக வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த ஒன்றரை வருடம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். இருபத்துநாலு காலண்டர் மாதத்துக்குள் 480 நாள் தொடர்ச்சியாக வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. ‘ஆக்கலாம்’ என்று அல்ல, ‘ஆக்க வேண்டும்’ என்று. நடுவில் உடம்பு சரியில்லாமல் போனது, அனுமதி வாங்கிய லீவு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம், கதவடைப்பு இவற்றால் தொடர்ச்சி அறுந்துவிடாது. வாரம் ஆறு நாள் வேலை என்று வைத்துப் பாருங்கள், 480 நாள் எப்போது வரும்? பதினெட்டு, பத்தொன்பது மாதத்தில். உங்கள் ஷீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்பவர்கள்.

இதை 240 நாளோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்த ஒருவரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம், அதோடு ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு என்பது தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. கடைசியில் சேர்ந்தவரைத்தான் முதலில் குறைக்க வேண்டும், பிறகு ஆள் எடுத்தால் குறைக்கப்பட்டவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து, பழைய 29 மத்தியச் சட்டங்கள் போனாலும், இந்த விதிகள் புதிய தொழிலுறவுத் தொகுப்பிலும் தொடர்கின்றன. 1981 சட்டம் மாநிலச் சட்டம், அந்த 29-ல் அது இல்லை. ‘இனி 480 நாள் எல்லாம் கிடையாது’ என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் அப்படி இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போது உங்கள் ஷீட்டுக்கு வாருங்கள். வேலை குறைந்துவிட்டதா? இல்லை, டார்கெட் அப்படியே இருக்கிறது. நாலு பேர் போனதும் புதிதாக நாலு பேர் வருகிறார்களா? நிச்சயம் வருவார்கள், இல்லாவிட்டால் போர்டு நின்றுவிடும். அப்படியென்றால் இது ஆட்குறைப்பு அல்ல, பழையவரை அனுப்பிப் புதியவரை எடுப்பது. நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள உரிமை கிடைக்கக் கூடாது என்ற நோக்கத்தில் ஆட்களைத் தற்காலிகமாகவே வருடக்கணக்கில் வைத்திருப்பது முறையற்ற தொழில் நடைமுறை என்று தொழிலுறவுத் தொகுப்பின் அட்டவணையிலேயே இருக்கிறது. அந்த நோக்கம் வெளியே தெரியக் கூடாது. அதற்குத்தான் ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற காரணமும், அதை எழுத ஒரு கையும் தேவைப்படுகிறது. நாளைக்கு அந்த அக்கா வழக்குப் போட்டால், ‘எச்ஆர் அனுப்பவில்லை, அவருடைய லீடரே திறமை போதாது என்று எழுதிக் கொடுத்தார், இதோ கையெழுத்து’ என்று தாளை நீட்டுவார்கள். சாட்சிக் கூண்டில் நீங்கள் நிற்பீர்கள். எதிரே உங்களுக்குப் பழக்கமான அந்த அக்கா நிற்பார்.

அதனால் நாலு பேரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஷீட்டில் உள்ள எல்லோருக்கும் நேரே உங்களிடம் இருக்கும் கணக்கை எழுதுங்கள்: ஸ்டேஷன், எத்தனை ஸ்டேஷன் தெரியும், ரிஜெக்ஷன், வருகை. ‘என் லைனில் பெர்ஃபாமன்ஸ் குறைவாக யாரும் இல்லை’ என்பது உண்மையானால் அந்த வரியையும் எழுதித் தேதி போடுங்கள். நாலு பெயர் கட்டாயம் வேண்டும் என்றால் மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொல்பவர்கள் மெயிலில் எழுத யோசிப்பார்கள். நீங்கள் எழுதியதன் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

நீங்கள் தொழிலாளியா என்ற கேள்வி. மேற்பார்வை வேலை செய்து 18,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவர் புதிய தொகுப்பின்படி தொழிலாளி கணக்கில் வரமாட்டார். பழைய சட்டத்தில் அந்த வரம்பு 10,000. ஆனால் கோர்ட் பார்ப்பது ஐடி கார்டில் போட்டிருக்கும் பதவியை அல்ல, பெரும்பாலான நேரம் என்ன வேலை செய்கிறார் என்பதை. ஆள் வராத ஸ்டேஷனில் நீங்களே நின்று டேப் சுற்றுவீர்கள் என்று நினைக்கிறேன், லீவு கொடுக்கவும் ஆள் எடுக்கவும் அதிகாரம் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரைத் தொழிலாளி என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் பாருங்கள், மாதம் நாலு பேரை அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டு வந்தால், அந்த வாதத்தையும் நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள். ஆளை அனுப்பும் அதிகாரம் உள்ளவர் என்று அதே தாள் உங்களுக்கு எதிராகப் பேசும்.

என் அப்பா பின்னி துணி மில்லில் இருந்தவர். அந்தக் காலத்தில் ஆள் சேர்ப்பது, நிறுத்துவது, கைக்கூலி வாங்குவது எல்லாமே மேஸ்திரி வழியாகத்தான் நடக்கும். வெள்ளைக்கார முதலாளியின் முகத்தைத் தொழிலாளி பார்க்கவே மாட்டான், கோபமெல்லாம் மேஸ்திரி மேல்தான் இருக்கும். 1918 ஏப்ரல் 27-ல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதற்குத் தலைவரான வாடியாவிடம் மில் ஆட்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி போதவில்லை என்பது. அவ்வளவு சின்ன விஷயத்தைக் கூடக் கேட்க ஆள் இல்லாமல் இருந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் மில்லில் வேலை செய்தவர்கள் இல்லை. ஆனாலும் அவர்களைத் தலைவர்கள் என்று தொழிலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். மேல் இருப்பவர் சொன்னதைக் கீழே கொண்டுவர ஏற்கனவே நிறையப் பேர் இருந்தார்கள். கீழே உள்ளதை மேலே கொண்டுபோக ஆள் இல்லை, அதை இவர்கள் செய்தார்கள். உங்களுக்கு டிரெயினிங் கொடுத்தவர்கள் ‘கடினமான முடிவு’ என்று எதைச் சொன்னார்களோ தெரியாது. எனக்குத் தெரிந்து, இருக்கும் கணக்கை உள்ளபடி எழுதி மேலே அனுப்புவதுதான் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கடினமான முடிவு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சாம்பல் சட்டையும் பச்சைக் காலரும் சட்டத்தில் ஒன்று அல்ல. கான்ட்ராக்ட் தொழிலாளி நேரே கம்பெனி மேல் நிரந்தரம் கேட்பது சிரமம். 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்சநீதிமன்றம், கான்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தானாக நிரந்தரம் ஆகிவிடாது, அந்தக் கான்ட்ராக்டே வெறும் பெயருக்கு என்று நிரூபித்தால்தான் வழி உண்டு என்று சொல்லிவிட்டது. நிரூபிக்க என்ன வேண்டும்? யார் வேலை சொன்னது, யார் லீவு கொடுத்தது, யாருடைய மெஷின். உங்கள் லைனில் கான்ட்ராக்டரின் ஆள் யாராவது நின்று வேலை சொல்கிறாரா? ட்ரெயினி விஷயம் இன்னும் வேறு. 1961 அப்ரென்டிஸ் சட்டத்தில் முறையாகப் பதிவான ஒப்பந்தம் இருந்தால் அவர் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். ஆனால் அப்படிப் பதிவானவரை ஓடிக்கு நிறுத்துவதற்கு அப்ரென்டிஸ் ஆலோசகரின் அனுமதி வேண்டும். உங்கள் பச்சைக் காலர் பிள்ளைகள் ஓடி பார்க்கிறார்கள் என்றால், ஒன்று அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லை அவர்கள் பெயருக்குத்தான் ட்ரெயினி.

வந்தவாசி பஸ்

பெரியவர் சட்டம் சொல்லிவிட்டார். அந்த ஷீட்டில் பெயர் வந்தவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். ஹார்னஸ் இல்லை, போன் அசெம்ப்ளி. கம்பெனி பெயர் வேண்டாம்.

எங்கள் லைனில் ஒருநாள் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறப் போகும்போது, ‘நாளைக்கு வெண்டர் ஆபீஸுக்கு வா’ என்றார்கள். போனால் ஒரு பேப்பரில் கையெழுத்து. சொந்தக் காரணத்தால் விலகுகிறேன் என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் வரும் என்றார்கள். என் லீடர் எங்கள் ஊர்க்காரர்தான். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு அப்புறம் ஊர்த் திருவிழாவில் கூட அவரும் நானும் பேசிக்கொள்ளவில்லை. இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன், அண்ணா.

கொஞ்ச நாளில் வேறு வெண்டர் பெயரில் அதே கேட்டுக்குள் போனேன். புது ஐடி நம்பர், புது ட்ரெயினிங், பழைய ஸ்டேஷன். திரும்பவும் ஒன்றாவது நாள் என்று கணக்கு. வேலை தெரியாதவள் என்று ஆரம்பச் சம்பளம் போட்டார்கள், ஆனால் முதல் நாளே முழு டார்கெட் கேட்டார்கள், ஏனென்றால் எனக்கு வேலை தெரியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அதனால் உங்கள் லைன் அக்காமாரிடம் இதைச் சொல்லுங்கள். அச்சடித்த ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டும் என்று நிலை வந்தால் தேதியைத் தன் கையால் எழுதி, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டு போனில் வந்தால் அழிக்காதீர்கள். பிஎஃப் பாஸ்புக் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே யுஏஎன் (நம் நிரந்தர பிஎஃப் எண்) கீழே ஒவ்வொரு வெண்டருக்கும் ஒரு மெம்பர் ஐடி வரிசையாக வரும். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை யார் பணம் கட்டினார்கள் என்று அதில் இருக்கும். நடுவில் நாம் வீட்டில் இருந்த நாள் எத்தனை என்று அதைப் பார்த்தாலே தெரியும். ரேகை விழாமல் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று சொன்னீர்களே, அந்த நாட்கள் வருகையில் ஏறியதா என்று மாதாமாதம் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதில்தான் நாள் குறைந்தது. வேலை செய்து தேய்ந்த விரலுக்கு ஆப்சென்ட் போட்டார்கள்.

2021 டிசம்பரில் ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் கம்பெனியின் விடுதிச் சாப்பாட்டில் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்தப் பெண்கள் பெங்களூர் ஹைவேயில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்களே, அப்போது நானும் அந்தப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில்தான் இருந்தேன். ஆலையை மூடி, ஜனவரியில்தான் திறந்தார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்குகிற விடுதியை அரசு கட்டித் திறந்தது. சாப்பாடும் படுக்கையும் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒரு பெண் அந்தப் படுக்கையில் எத்தனை வருடம் இருக்க முடியும் என்பது உங்கள் கையில் இருக்கும் ஷீட் மாதிரியான தாள்களில்தான் இருக்கிறது. கல்யாணம் வரைக்கும் வேலை பார்த்தால் போதும் என்று வெளியே பேசுகிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் நிலையான வேலை கிடைத்தால் காலை பஸ்ஸைப் பிடிக்கத் தயார்.

ஆள் அனுப்புபவன்

நான் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் வேலை. வெண்டர் ஆபீஸில் நடப்பதைச் சொன்னால் கேள்வி கேட்டவருக்கு உதவும்.

கம்பெனியிலிருந்து வாரம் ஒரு மெயில் வரும்: எந்த ஷிப்டுக்கு எத்தனை தலை, ஆண் எத்தனை, பெண் எத்தனை. எங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சர்வீஸ் சார்ஜ். பெரிய தொகை இல்லை. டெண்டரில் எங்களுக்குள்ளேயே போட்டி போட்டு அதைக் குறைத்துக்கொள்கிறோம். குறைத்ததை எங்கே பிடிப்பது? போனஸில், லீவுச் சம்பளத்தில், யூனிபார்ம் என்ற பெயரில், பஸ் என்ற பெயரில். நான் இதை நியாயப்படுத்தவில்லை. கம்பெனி பர்ச்சேஸ் துறை வயர், டேப் வாங்குகிற அதே முறையில் ஆளையும் விலைப்புள்ளி வைத்து வாங்குகிறது. அங்கேதான் சம்பளம் முடிவாகிறது. உங்கள் லைனில் இல்லை, எங்கள் ஆபீஸிலும் முழுக்க இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று. வெண்டர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால் கொடுக்க வேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு உண்டு. பிஎஃப், இஎஸ்ஐ கட்டாவிட்டாலும் அப்படித்தான். 1970 கான்ட்ராக்ட் சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளில், கம்பெனியின் நேரடி ஆள் செய்யும் அதே வேலையைக் கான்ட்ராக்ட் ஆள் செய்தால் அதே சம்பளம் என்று லைசென்ஸ் நிபந்தனையாகவே இருந்தது. அது தாளில் இருந்ததே தவிர, தளத்தில் நான் பார்த்ததில்லை. யாரும் கேட்டும் பார்த்ததில்லை, ஏனென்றால் கேட்பவர் பெயர் அடுத்த ஷீட்டில் வரும். புதிய தொகுப்புச் சட்டங்களில் ஒன்றில் முக்கிய உற்பத்தி வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆள் கூடாது என்று போட்டு, கூடவே விதிவிலக்குகளையும் போட்டிருக்கிறார்கள். அந்த விதிவிலக்குக்குள்தான் இனி எல்லோரும் நுழையப் பார்ப்பார்கள்.

தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால், இந்தியாவில் ஆலைத் தொழிலாளர் நூறு பேரில் நாற்பதுக்கு மேல் கான்ட்ராக்ட். உங்கள் கம்பெனி மட்டும் செய்வதில்லை. இதைச் சொல்வது உங்களைச் சோர்வாக்க அல்ல. தனியாக மோதாதீர்கள் என்பதற்காக. மற்ற லைன் லீடர்களிடம் பேசுங்கள். ஒருவர் காலியாக அனுப்பினால் அவரை மாற்றுவார்கள். எல்லா லைனிலிருந்தும் ‘குறைவானவர் யாரும் இல்லை’ என்று அதே மாதத்தில் வந்தால், எச்ஆர் வேறு வழி யோசிக்க வேண்டிவரும். லீடர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் மாற்றினால் மறுநாள் அவுட்புட் வராது, அது அவர்களுக்கும் தெரியும்.

ஆண்டறிக்கை படிப்பவர்

சின்னதாக ஒன்று. உங்கள் கம்பெனியோ அதன் தாய் நிறுவனமோ பங்குச் சந்தையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இயக்குநர்களின் சம்பளம், எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் வரும் ஊழியரின் சம்பளத்தைப் போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் போட வேண்டும். 2013 கம்பெனிச் சட்டம் 197-வது பிரிவு. ஆனால் அந்தக் கணக்கில் சாம்பல் சட்டைகள் பொதுவாக வரமாட்டார்கள். கம்பெனி ரோலில் இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதால், மடங்கு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

அதைவிட உபயோகமானது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, சந்தையில் உள்ள முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயமாக்கிய பொறுப்பறிக்கை. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரம் அல்லாதவர் எத்தனை, ஆண் பெண் எத்தனை என்று தனித்தனியாக அதில் இருக்கும். இரண்டு மூன்று வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனை ஏறியிருக்கும், நிரந்தர எண்ணிக்கை அசையாமல் இருக்கும், மற்ற எண்ணிக்கை ஏறியிருக்கும் என்றால் உங்கள் ஷீட் ஏதோ ஒரு மேனேஜரின் விருப்பம் அல்ல என்று புரியும். உங்கள் கம்பெனி பட்டியலில் இல்லாவிட்டாலும் நீங்கள் ஹார்னஸ் கொடுக்கும் கார் கம்பெனி இருக்கலாம். சப்ளையர்களிடம் தொழிலாளர் நிலையைச் சோதித்தோமா என்ற கேள்வியும் அந்த அறிக்கையில் உண்டு.

நாட்டு நிலவரமும் இதோடு சேர்ந்தது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் போட்ட கணக்கில், 2022-23-ல் இந்திய வருமானத்தில் 22.6 சதவீதம் மேலே உள்ள ஒரு சதவீதம் பேருக்குப் போயிருக்கிறது, சொத்தில் 40.1 சதவீதம். இவ்வளவு பெரிய எண்கள் எங்கே உருவாகின்றன என்று யோசிக்கும்போது எனக்கு உங்கள் ஷீட் ஞாபகம் வருகிறது.

ஹார்னஸ் லைன்

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்ட நாட்களைக் கேட்டுப் பார்த்தேன். டேப் ஸ்டேஷனில் மூன்று பேருக்கு நாள் விட்டுப்போயிருந்தது. தேதி போட்டு எழுதி டைம் ஆபீஸில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

மற்ற லீடர்களில் இரண்டு பேர் சரி என்கிறார்கள், ஒருவர் யோசிக்கிறார். ஷீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ரிஜெக்ஷன் கணக்கு எடுத்து வைத்திருக்கிறேன். எங்கள் ஆலையில் சங்கம் இருக்கிறது, பெர்மனன்ட் ஆட்களுக்கு மட்டும். அவர்களிடம் போகலாமா? போனால் என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பெரம்பூர் ஃபிட்டர்

போங்கள். ஆனால் எல்லோரிடமும் அல்ல, செயலாளரிடம் தனியாக. சங்கங்கள் மேல் எனக்கே இந்த விஷயத்தில் மனக்குறை உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் பேசும்போது நீலச் சட்டைக்கு எத்தனை ஆயிரம் என்று விடிய விடியப் பேசுவோம், சாம்பல் சட்டை பற்றிக் கடைசிப் பக்கத்தில் கூட வராது. 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9-ல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்வதற்கே 2025 ஜனவரி வரை ஆனது. அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கும் சங்கம், பக்கத்தில் நிற்பவரை விட்டுவிட்டால் நாளைக்கு அதே ஆலையில் நீலச் சட்டையே ஒரு கை எண்ணிக்கைக்கு வந்துவிடும். இதை அந்தச் செயலாளரிடம் அப்படியே கேளுங்கள்: ஓய்வு பெறும் ஒவ்வொரு நீலச் சட்டைக்குப் பதிலாக என்ன நிறத்தில் ஆள் வருகிறது என்று.

உங்கள் பெயர் வர வேண்டியதில்லை. ஷீட் என்று ஒன்று இருக்கிறது, மாதக் கடைசியில் வருகிறது, ஒன்றரை வருடத்தை நெருங்குகிறவர்கள்தான் அதில் இருக்கிறார்கள். இந்த மூன்றும் அவர்களுக்குப் போதும். 480 நாளைத் தாண்டிய ட்ரெயினிகள் யாராவது இருந்தால், அவர்கள் தாங்களே 1981 சட்டத்தின் கீழ் ஆய்வாளருக்கு மனு எழுதலாம். சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ பதிவு மூன்றின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள். மனுவை ஸ்பீட் போஸ்டில், பதிவு செய்து, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி அனுப்பட்டும். எழுதத் தெரியவில்லை என்றால் என் பெயருக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன்.